விளக்கெண்ணெய்க்கு ஒரு கை கூடுதல்

ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் விளிம்பை ஒட்டி ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், ஒரு சொட்டு நல்லெண்ணெய், ஒரு சொட்டு விளக்கெண்ணெய் என்று வரிசையாக விடுங்கள். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடந்தால் கடலை எண்ணெய் போதும். இப்போது தட்டைச் சரித்துச் சுவரில் சாய்த்து வையுங்கள். முதல் இரண்டு சொட்டுகளும் விறுவிறுவென்று கீழே ஓடிவிடும். விளக்கெண்ணெய் மட்டும் தடித்த கோடு இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கும். அது பாதி தூரம் வருவதற்குள் மற்ற இரண்டும் அடிவிளிம்பில் தேங்கி நிற்கும்.

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தைப் பாகுநிலை என்கிறோம். அறை வெப்பநிலையில் அளந்து பார்த்தால் விளக்கெண்ணெயின் பாகுநிலை நல்லெண்ணெயைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

மூன்றும் எண்ணெய்தான். மூன்றும் தாவரம் கொடுத்ததுதான். மூன்றுமே தண்ணீரில் கலக்காமல் மிதக்கும். பிறகு இது மட்டும் ஏன் இப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சோப்பு, ஷாம்பு, லிப்ஸ்டிக், நூறு வருஷத்துக்கு முந்தைய போர் விமானம், பல் துலக்கும் பிரஷ் என்று எங்கெங்கோ போய்ச் சேருவோம். போகிற இடத்திலெல்லாம் ஒரே விடைதான் காத்திருக்கும்.

முதலில் செடியைப் பார்த்துவிடலாம். விளக்கெண்ணெய் தரும் ஆமணக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாய்க்கால் கரை, ரயில் தண்டவாள ஓரம், குப்பைமேடு என்று கிடைத்த இடத்தில் தானாக முளைத்து ஆளுயரத்துக்கு நிற்கும். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்தில் இதைக் கொட்டமுத்துச் செடி என்பார்கள். இலை அகலமானது. ஐந்திலிருந்து பதினொன்று வரை பிளவுகள் இருக்கும். காம்பு இலையின் விளிம்பில் போய்ச் சேராமல், கொஞ்சம் உள்ளே தள்ளி, இலையின் அடிப்பக்கத்தில் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே காம்பின்மேல் சின்னச் சின்ன வட்டமான புடைப்புகள் தெரியும். அவை தேன் சுரப்பிகள். தேன் பூவில்தான் இருக்கும் என்று நினைத்திருப்போம். ஆமணக்கு காம்பிலும் சுரக்கிறது. கொஞ்ச நேரம் பொறுமையாக நின்று பார்த்தால் எறும்பு ஒன்று வந்து அந்தப் புடைப்பில் வாய் வைத்து நிற்பதைப் பார்க்கலாம்.

பூங்கொத்தில் கீழ்ப்பக்கம் ஆண் பூக்கள், மேல்பக்கம் பெண் பூக்கள். மஞ்சள் மகரந்தத்தைக் காற்று தூக்கிச் செல்லும். பெண் பூவின் உச்சியில் சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டு அந்த மகரந்தத்தைப் பிடிக்கும். பிறகு முள் காய்கள் குலை குலையாகக் காய்க்கும். இளங்காயின் முள் குத்தாது. தொட்டுப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கும். காய்க்குள் மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை. தானாக வளரும் செடிகளில் காய் முற்றிக் காய்ந்ததும் ‘பட்’ என்று வெடித்து விதையைத் தூர வீசும்.

அந்த விதையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பளபளப்பான ஓடு, பழுப்பு நிறத்தில் சாம்பல் கோடுகளும் புள்ளிகளும். ஒரு விதையின் கோலம் இன்னொன்றில் அச்சாக இருக்காது. ஒரு முனையில் வெளிறிய சின்ன முண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் கொழுப்புச்சத்து உண்டு. அது எறும்புகளுக்கான சாப்பாடு. அவை விதையையே இழுத்துக்கொண்டு போய், முண்டை மட்டும் தின்றுவிட்டு, விதையைத் தங்கள் குப்பைக்குழியில் போட்டுவிடும். அந்தக் குப்பை நல்ல எரு. அடுத்த மழைக்கு விதை அங்கேயே முளைக்கும்.

உள்ளங்கையில் வைக்கலாம் என்று சொன்னேன். வாயில் வைக்கவே கூடாது. தம்பி தங்கைகள் இந்த அழகான விதையை எடுத்துக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமணக்கு விதைக்குள் ரிசின் என்றொரு புரதம் இருக்கிறது. கொடிய நஞ்சு. 1888இல் பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற ஆய்வாளர் அதைப் பிரித்து அடையாளம் காட்டினார். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் ரைபோசோம்கள் இருக்கின்றன. உடலுக்கு வேண்டிய புரதங்களைச் செய்பவை அவைதான். ஒரே ஒரு ரிசின் மூலக்கூறு ஒரு செல்லுக்குள் நுழைந்துவிட்டால் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களை முடக்கிவிடும். யாராவது ஆமணக்கு விதையை மென்றுவிட்டார்கள் என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

அப்படியானால் அதே விதையிலிருந்து வரும் எண்ணெயை எப்படித் தலையிலும் தோலிலும் தேய்க்கிறோம்? ரிசின் ஒரு புரதம். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. விதையைப் பிழியும்போது எண்ணெய் தனியே வந்துவிடும், ரிசின் புண்ணாக்கோடு தங்கிவிடும். அதனால்தான் கடலைப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கும் விவசாயி ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதில்லை. வயலுக்கு உரமாகப் போடுகிறார். அந்தப் புண்ணாக்கில் தழைச்சத்து நிறைய. இது போக, ஈரத்தோடு சேர்ந்த சூடு பட்டால் ரிசின் உருக்குலைந்து செயலிழந்துவிடும். இந்த அறிவியல் எல்லாம் எழுதப்படுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே நம் கிராமத்து எண்ணெய் காய்ச்சும் முறையில் அந்தச் சூடு இருந்திருக்கிறது.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் ஓர் ஆயா எண்ணெய் காய்ச்சியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அகன்ற வாணலியில் ஆமணக்கு முத்தைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். ஓடு கருத்துப்போய், கனமான ஒரு வாசனை கொல்லை முழுக்கப் பரவியிருந்தது. பேரன் கேட்டான்:

“ஏன் ஆயா வறுக்கறீங்க? அப்படியே இடிச்சா எண்ணெய் வராதா?”

“வரும் கண்ணு, ஆனா கொஞ்சூண்டுதான் வரும். சூடு காமிச்சாத்தான் முத்து எண்ணெய விடும்.”

வறுத்த முத்தை உரலில் போட்டு, கருப்பு விழுது ஆகும்வரை இடித்தார். அந்த விழுதைப் பானைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கொதிக்க மேலே மஞ்சள் வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. பிறகு அவை ஒன்று சேர்ந்து ஏடாகப் படர்ந்தன. அகப்பையால் அந்த ஏட்டை மட்டும் வழித்து வேறொரு சட்டியில் சேர்த்து, அதை மறுபடி காய்ச்சினார். சட்டி சடசடவென்று சத்தம் போட்டது. “சத்தம் நின்னாத்தான் தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம். தண்ணி தங்குச்சுன்னா எண்ணெய் சிக்கு வாடை அடிச்சுரும்” என்றார்.

ஆயா செய்த ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இருக்கிறது. விதையின் செல்களுக்குள் எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாக அடைபட்டிருக்கும். வறுப்பதும் இடிப்பதும் செல் சுவர்களை உடைக்கின்றன. சூட்டில் புரதங்கள் திரிந்து எண்ணெய்த் துளிகளை விட்டுவிடுகின்றன. வெகுநேரம் கொதிப்பதில் ரிசின் அழிகிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே வருகிறது. ஆனால் கொஞ்சம்தான் லேசு. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம் எடை இருந்தால், ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் சுமார் 960 கிராம். இந்த எடைக்கும் தட்டில் பார்த்த தயக்கத்துக்கும் தொடர்பு உண்டு.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அங்குள்ள சதுப்பு நில மக்கள் ஆமணக்கு எண்ணெய் எடுத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். சிலர் விதையை நசுக்கிப் பிழிகிறார்கள், சிலர் வறுத்துக் கொதிக்க வைக்கிறார்கள், எண்ணெய் விளக்கெரிக்க நன்றாக உதவுகிறது, ஆனால் வாடை கடுமை என்கிறார். நைல் நதிக்கரையிலும் ஆத்தூர்க் கொல்லையிலும் ஒரே வேலைதான் நடந்திருக்கிறது. ஆமணக்கின் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான் என்கிறார்கள் தாவரவியலாளர்கள். கண்டத்தின் கிழக்குப் பகுதி, எத்தியோப்பியாவைச் சுற்றிய நிலம்.

இனி எண்ணெய்க்குள்ளே போவோம். எந்தத் தாவர எண்ணெயை எடுத்தாலும் அதன் மூலக்கூறு ஒரே திட்டத்தில்தான் கட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தில் கிளிசரின். அதிலிருந்து மூன்று நீண்ட சங்கிலிகள் தொங்கும். அவற்றுக்குக் கொழுப்பு அமிலங்கள் என்று பெயர். கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, ஒவ்வொரு கார்பனின் பக்கத்திலும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கும். தேங்காய் எண்ணெயில் 12 கார்பன் நீளமுள்ள சங்கிலிகள் அதிகம். நல்லெண்ணெயில் பெரும்பாலும் 18. விளக்கெண்ணெயிலும் 18தான். ஆனால் விளக்கெண்ணெயின் சங்கிலியில் 12ஆவது கார்பனுக்கு வந்ததும் ஓர் அதிசயம் தெரியும். ஹைட்ரஜன் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆக்சிஜன் அணு, அதன் நுனியில் ஒரு ஹைட்ரஜன். இந்த ஜோடிக்கு ஹைட்ராக்சில் என்று பெயர். சங்கிலியின் நடுவில் பக்கவாட்டாக ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கை உள்ள கொழுப்பு அமிலத்துக்கு ரிசினோலிக் அமிலம் என்று பெயர். ரிசின் வேறு, ரிசினோலிக் அமிலம் வேறு. பெயர் ஒத்துப்போவதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். விளக்கெண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம்தான். நம் சமையலறையில் உள்ள எந்த எண்ணெயிலும் இப்படிப்பட்ட கை கிடையாது.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் தனித்தனியாக வாசலை நோக்கி ஓடினால் நொடியில் மைதானம் காலியாகிவிடும். அதே பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் எவ்வளவு நேரமாகும்? நல்லெண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வழுக்கிப் போய்விடுகின்றன. விளக்கெண்ணெய் மூலக்கூறுகளுக்கு ஆளுக்கு மூன்று கை. ஒன்றின் கையிலுள்ள ஹைட்ரஜனைப் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் இழுத்துப் பிடிக்கிறது. இதை ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள். பலமான பிடி இல்லை. விட்டு விட்டுப் பிடிக்கும். ஆனால் கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் இப்படிப் பிடித்துக்கொண்டால் எண்ணெயே கெட்டிப்பட்டுவிடுகிறது. அணுக்கள் நெருங்கி நிற்பதால் கனமும் கூடுகிறது. விளக்கெண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டு, சூடானதும் மறுபடி தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெப்பம் பிடிகளை அவிழ்த்துவிடும், எண்ணெய் சுறுசுறுப்பாக ஓடும்.

இன்னொரு சோதனை உண்டு. அது உங்கள் அறிவியல் ஆசிரியர் ஆய்வகத்தில் செய்து காட்ட வேண்டியது. இரண்டு சோதனைக் குழாய்களில் எத்தனால் எடுத்து, ஒன்றில் நல்லெண்ணெயும் இன்னொன்றில் விளக்கெண்ணெயும் சில சொட்டுகள் விட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். நல்லெண்ணெய் கலங்கிப்போய், கொஞ்ச நேரத்தில் அடியில் இறங்கிவிடும். விளக்கெண்ணெய் கண்ணாடியாகக் கரைந்துவிடும். எத்தனாலிலும் ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறது. இரண்டு கைகளும் சந்தித்ததும் பிடித்துக்கொள்கின்றன.

லிப்ஸ்டிக் செய்பவர்களுக்கு இந்தக் கை வரப்பிரசாதம். சிவப்புச் சாயத் துகள்கள் அடியில் தங்கிவிடாமல் அந்தரத்தில் நிறுத்தி வைக்கக் கெட்டியான எண்ணெய் வேண்டும். உதட்டில் பளபளப்பாகப் படரவும் வேண்டும். இரண்டையும் விளக்கெண்ணெய் செய்கிறது. தோல் விஷயத்திலும் அப்படித்தான். நம் தோலிலிருந்து ஈரம் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. வெடித்த குதிகாலில் விளக்கெண்ணெய் தடவினால், அந்தத் தடித்த படலம் ஈரம் போவதைக் குறைக்கும். உள்ளே இருக்கும் ஈரத்திலேயே தோல் இளகும். எண்ணெய் ஒன்றும் புதிதாகத் தோலை உண்டாக்குவதில்லை.

சோப்புக்கு வருவோம். எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்தால், கிளிசரினிலிருந்து மூன்று சங்கிலிகளும் கழன்றுகொள்கின்றன. கழன்ற ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் சோடியம் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதுதான் சோப்பு. மிச்சமாகும் கிளிசரின் தோலுக்கு நல்லது. காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். அதனால் இது பெரியவர்கள் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. கணக்கை மட்டும் நாம் பார்க்கலாம். 100 கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்கச் சுமார் 18 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 100 கிராம் விளக்கெண்ணெய்க்குச் சுமார் 13 கிராம் போதும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் குட்டையானவை. அதே 100 கிராமுக்குள் அதிகச் சங்கிலிகள் அடங்கியிருக்கும். ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு சோடியம் வேண்டும் அல்லவா? எண்ணெய் மாறினால் சோடாவின் அளவும் மாறும். கணக்குத் தப்பினால் சோப்பில் சோடா மிஞ்சித் தோலை எரிக்கும்.

தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சட்டென்று பெரிய நுரை கொடுக்கும். ஆனால் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். வீட்டில் சோப்பு செய்பவர்கள் மொத்த எண்ணெயில் 5 முதல் 10 சதவீதம் விளக்கெண்ணெய் சேர்ப்பது வழக்கம். கை இருப்பதால் விளக்கெண்ணெய்ச் சோப்புக்குத் தண்ணீர்மேல் பிரியம் அதிகம். எளிதில் கரைந்து, நுரையை வெகுநேரம் தாங்கிப் பிடிக்கும். ஆசைப்பட்டு அளவைக் கூட்டினால் சோப்பு கட்டியாகாமல் பிசுபிசுத்துப் போகும்.

ஒளி ஊடுருவும் சோப்பைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் நிழலாகத் தெரியும். சாதாரணச் சோப்பில் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கோடிக்கணக்கான சின்னப் படிகங்களாக உறைந்திருக்கும். ஒளி அந்தப் படிகங்களில் பட்டுச் சிதறுவதால்தான் சோப்பு வெள்ளையாகத் தெரிகிறது. விளக்கெண்ணெயின் சங்கிலி, நீட்டிய கையால் இந்த அடுக்கைக் கலைத்துவிடுகிறது. கூடவே சர்க்கரைப் பாகும் எத்தனாலும் கிளிசரினும் சேர்த்தால் பெரிய படிகங்கள் உண்டாவதில்லை. ஒளி தடையின்றி ஊடுருவுகிறது.

முடிக்கு வருவோம். விளக்கெண்ணெய் தேய்த்தால் முடி கொத்தாக வளரும் என்று விளம்பரங்களில் கேட்டிருப்பீர்கள். அதை உறுதியாகக் காட்டும் நல்ல ஆய்வு எதுவும் இல்லை. நாம் பார்க்கும் முடி உயிரில்லாத புரத இழை. உயிருள்ள வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். விளக்கெண்ணெய் செய்வது வேறு வேலை. முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். வெயிலும் சீப்பும் பட்டு அவை கிளம்பிக்கொள்ளும்போது முடி சொரசொரப்பாகிறது. விளக்கெண்ணெய் அவற்றின் மேல் படிந்து மழமழப்பாக்குகிறது. தேங்காய் எண்ணெயின் குட்டைச் சங்கிலிகள் இழைக்குள்ளேயே நுழையும். விளக்கெண்ணெயின் பெரிய மூலக்கூறுகளோ பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிடுகின்றன. அதனால் இரண்டையும் கலந்து தேய்க்கும் வீட்டு வழக்கம் நல்ல வழக்கம்தான். விளக்கெண்ணெயை மட்டும் நீண்ட கூந்தலில் அள்ளிப் பூசினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கவே முடியாத சிக்காகிக் கூந்தலை வெட்ட நேர்ந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தேங்காய் எண்ணெயோடு சில சொட்டுகள் கலந்தால் தாராளம்.

உங்கள் வீட்டு ஷாம்பு, சோப்பு, உதட்டுக் களிம்பு டப்பாக்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். ‘ரிசினஸ் கம்யூனிஸ்’ என்றிருந்தால் அது நம் ஆமணக்கின் அறிவியல் பெயர். ‘பெக்-40 ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில்’ என்றிருந்தால், ரசாயன முறையில் மாற்றப்பட்ட விளக்கெண்ணெய். வாசனை எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைப்பதற்காகச் சேர்ப்பார்கள்.

வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா பாட்டி சின்னவர்களாக இருந்தபோது பேதிக்குக் கொடுக்கிறேன் என்று விளக்கெண்ணெயை வாயில் ஊற்றியிருப்பார்கள். குடலில் எண்ணெய் உடைந்து ரிசினோலிக் அமிலம் வெளிவரும். அது குடல் தசைச் செல்களில் உள்ள ஈபி3 என்ற உணர்வியைத் தூண்டிக் குடலை இறுக வைக்கிறது என்று 2012இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இப்போது டாக்டர் சொல்லாமல் யாரும் குடிக்கக் கூடாது.

விமானத்துக்கு வருவோம். முதல் உலகப் போர்க் காலத்து விமானங்கள் பலவற்றில் எஞ்சினின் சிலிண்டர்களே முன்பக்க விசிறியோடு சேர்ந்து சுழலும். பிரிட்டனின் சோப்வித் கேமல் அப்படிப்பட்டது. அந்த எஞ்சினில் பெட்ரோல் ஆவி, மசகு எண்ணெய் இருக்கும் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போக வேண்டும். பூமிக்கடியில் கிடைக்கும் கனிம எண்ணெயை அங்கே ஊற்றினால் பெட்ரோல் அதைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடும். எஞ்சின் தேய்ந்து கருகிவிடும். விளக்கெண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் பெட்ரோலோடு எளிதில் கலப்பதில்லை. அதனால் அதையே ஊற்றினார்கள். எரியாத எண்ணெய் புகையாகவும் சாரலாகவும் பின்னால் உட்கார்ந்திருந்த விமானிகளின் முகத்தில் அடித்தது. மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போய் அவர்களின் வயிற்றைக் கலக்கியது. 1909இல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி தன் மசகு எண்ணெயில் விளக்கெண்ணெய் சேர்த்து, அதற்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தது. மெக்கானிக் கடைகளில் அந்தப் பெயரை நீங்கள் பார்த்திருக்கலாம்.

கை இருக்கும் இடத்துக்கு இன்னொரு விசேஷம். அங்கே சங்கிலியை உடைக்கலாம். மிக அதிகச் சூட்டில் 18 கார்பன் சங்கிலி, 11 கார்பன் துண்டாகவும் 7 கார்பன் துண்டாகவும் பிளக்கும். 11 கார்பன் துண்டிலிருந்து 1940களில் பிரான்சில் நைலான்-11 என்ற பிளாஸ்டிக்கை உருவாக்கினார்கள். கார்களின் எரிபொருள் குழாய்களுக்கு அது பயன்படுகிறது. 7 கார்பன் துண்டு வாசனைத் தொழிற்சாலைக்குப் போய் மல்லிகை மணம் வீசும் ஒரு பொருளாக மாறுகிறது. சோப்பில் மல்லிகை வாசனை வந்தால், அதன் ஒரு பகுதி ஆமணக்கிலிருந்து வந்ததாக இருக்கலாம். காரத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் பிளவு வேறு மாதிரி ஆகும். 10 கார்பனுள்ள செபாசிக் அமிலம் கிடைக்கும். பல் துலக்கும் பிரஷ்கள் சிலவற்றின் நைலான் இழைகளில் அது இருக்கிறது.

உலகச் சந்தைக்கு வரும் விளக்கெண்ணெயில் மிகப் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. அதிலும் பெரும்பகுதி குஜராத்தின் வறண்ட வடக்கு மாவட்டங்களில் விளைந்தது. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் விவசாயிகள் நிலக்கடலை வயலின் வரப்போரம் ஆமணக்கு நடுவார்கள். புகையிலைப் புழுவின் தாய்ப்பூச்சிக்கு ஆமணக்கு இலை பிடிக்கும். அங்கே போய் முட்டையிடும். இலையோடு கிள்ளி அழித்துவிட்டால் கடலை தப்பிக்கும்.

இவ்வளவு பயனுள்ள எண்ணெயை, நஞ்சு இல்லாத வேறொரு செடியில் விளைவிக்க முடியாதா? விஞ்ஞானிகளும் இதைக் கேட்டார்கள். ஆமணக்கு விதைக்குள் ஒரு நொதி, சாதாரணக் கொழுப்பு அமிலத்தின் 12ஆவது கார்பனைக் குறிபார்த்து அங்கே ஹைட்ராக்சிலைப் பொருத்துகிறது. அதற்கான மரபணுவை அமெரிக்க ஆய்வாளர்கள் 1995இல் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடிக்குள் அதைப் புகுத்தினார்கள். செடி கை வைத்த சங்கிலிகளைச் செய்யத்தான் செய்தது. ஆனால் அதன் எண்ணெயில் அவை கால் பங்கைக்கூட எட்டவில்லை. ஆமணக்கில் அது 90 சதவீதம் வரை. செய்வது ஒரு வேலை, செய்ததைக் கிளிசரினில் கோத்துச் சேமிப்பது இன்னொரு வேலை. அந்தக் குட்டிச் செடியின் சொந்த நொதிகளுக்கு இந்த விசித்திரச் சங்கிலிகளைக் கையாளத் தெரியவில்லை. கோக்கும் வேலையைச் செய்யும் ஆமணக்கின் இன்னொரு நொதியையும் சேர்த்துப் புகுத்திய பிறகு அளவு சுமார் 30 சதவீதத்துக்கு ஏறியது. 2010இல் ஆமணக்கின் மரபணுத் தொகுதியைப் படித்து அதன் வரைவை வெளியிட்டுவிட்டார்கள். கோக்கும் வேலையில் இன்னும் எந்தெந்த நொதிகள் கூட்டுச் சேர்கின்றன என்பதை அதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கும் ஒரு கம்பெனிக்கு ரிசினோலிக் அமிலம் மொத்தமாக வேண்டும் என்றால் ஆமணக்கு வயலிலிருந்துதான் வாங்கியாக வேண்டும்.